ரோஜர் என்று சொன்னேன்

நான் பொய் சொல்கிறவன் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். கெடிலத்தில் தூண்டில் போட்டு முதலையைப் பிடித்து, பாவம் என்று திருப்பி விட்ட கதை பொய். தானே புயலில் என் வீட்டு முருங்கை பறந்துபோய்ப் புதுச்சேரியில் நின்று காய்த்த கதையும் பொய்.

இது பொய் இல்லை. நேரம் போட்டு என் லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் மட்டும் நான் பொய் எழுதியதே கிடையாது.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு வந்தது மாலை 4:12-க்கு. காபி நேரம். எதிர்வீட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

என் பெயர் தங்கராசு. வயது எழுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். அதாவது, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, முகம் தெரியாத ஆட்களோடு "உங்க ஊர்ல மழையா?" என்று பேசும் கூட்டத்தில் ஒருவன். மழையா என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் நாலாயிரம் மைல் தள்ளிக் கேட்பது எதற்கு என்பது என் மனைவி சௌந்தரத்தின் கேள்வி. இன்றுவரை பதில் இல்லை.

கம்பெனிகள் கழித்துப் போடும் பழைய வயர்லெஸ் செட்டுகளை எங்கள் அலைவரிசைக்கு மாற்றுவது என் கைவேலை. அந்தக் காலத்து செட்டில் கேட்க ஒரு கிரிஸ்டல், பேச ஒரு கிரிஸ்டல் இருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு தகர டப்பி. அது எந்த அலைவரிசைக்கு வெட்டியதோ, அதைத் தவிர வேறு எதையும் செட் கேட்காது, பேசாது. கம்பெனிக் கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு எங்கள் கிரிஸ்டலைச் சொருக வேண்டும். உள்ளே இருக்கும் காயில்களைப் பிளாஸ்டிக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும். அவ்வளவுதான். செட் பழைய முதலாளியை மறந்துவிடும்.

மறந்துவிட வேண்டும்.

போன வருடம், 2024 நவம்பர் தொடக்கத்தில், அப்படி ஒரு செட்டைத் தேவசகாயம் கொண்டுவந்து கொடுத்தான்.

தேவசகாயம் சிதம்பரத்துக்காரன். அவனும் ஹாம். முப்பது வருடமாகத் தினமும் இரவு ஏழரை மணிக்கு நானும் அவனும் ரேடியோவில் பேசுவோம். என் மகள் கயல்விழி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்தபோது, அவர்கள் இலையில் கையால் உப்பு வைத்துவிட்டு "இப்ப ஒக்காருங்க" என்றவன். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. இருந்திருந்தாலும் அவன் இந்த அளவுக்கு ஆகியிருக்க மாட்டான்.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில், மழையில், செட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இரும்புப் பெட்டி. எட்டு கிலோ இருக்கும்.

"எங்க புடிச்ச இத?"

"லாரி ஆபீஸ்ல கழிச்சது மச்சான். நீ மாத்தி வெச்சிக்க. உனக்குத்தான் கை வரும்."

"தொறந்து பாத்தியா?"

"இல்ல. மூடியக்கூடக் கழட்டல."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். தேவசகாயம் காபி வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

திறந்து பார்த்தேன். காயில் அசையாமல் இருக்கக் கம்பெனியில் மெழுகு ஊற்றி அனுப்புவார்கள். எல்லாக் காயிலிலும் மெழுகு உடைந்திருந்தது. திருகும் இடம் தேய்ந்திருந்தது. யாரோ இதை மாற்றி, திரும்பப் பழையபடி வைத்து, மறுபடி மாற்றியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை. பல தடவை.

லாரி ஆபீஸில் யாருக்கு இந்த வேலை தெரியும் என்று யோசித்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

கம்பெனிக் கிரிஸ்டல் இரண்டையும் பிடுங்கி ஒரு ஹோமியோபதி டப்பாவில் போட்டேன். எங்கள் கிரிஸ்டலைச் சொருகினேன். மூன்று வாரம் அருமையாக வேலை செய்தது.

நவம்பர் 27. புதன்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. அன்று மதியம் வானம் கொஞ்சம் வெளிவாங்கியிருந்தது. நான் மேஜை முன் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் என்னுடைய செட்டுகள் நாலு. நாலும் ஒரே அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தன.

மணி 4:12.

தேவசகாயம் கொடுத்த செட் மட்டும் கரகரத்தது.

"கண்ட்ரோல்... கண்ட்ரோல்... கிள்ளை மோட்டார் கொட்டாயிலேர்ந்து செம்பியன் பேசுறேன்... மதகு ஒடைஞ்சிடுச்சி சார்... தண்ணி முட்டிக்கு வந்துடுச்சி... படகு அனுப்புங்க... ஓவர்."

சின்ன வயதுக் குரல். பயம் இல்லை. மரியாதையாகப் பேசினான்.

முப்பது வருடப் பழக்கம். கை தானாக மைக்கை எடுத்தது. வாய் தானாகச் சொன்னது.

"ரோஜர்."

"சரிங்க சார். படகு வர்ற வரைக்கும் எடத்த வுட்டு நவுர மாட்டேன். ஓவர்."

எனக்குச் சுருக்கென்றது.

ரோஜர் என்றால், நீ சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். சரி என்று அர்த்தமில்லை. வருகிறேன் என்று அர்த்தமில்லை. ரேடியோக்காரனுக்கு இது தெரியும். மோட்டார் கொட்டாயில் காவல் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

"தம்பி, நான் கண்ட்ரோல் இல்ல. கடலூர்லேர்ந்து பேசுறேன். யாரு கொட்டாய் அது?"

"நம்ம பண்ணைதான் சார்."

சௌந்தரம் காபியோடு வந்து நின்றாள். அவளும் கேட்டாள். இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

"யாருங்க அது? பாவம், படகு கேக்குது?"

"தெரியல."

"வெட்டியா வானிலை பேசுவீங்களே. இன்னிக்காவது உருப்படியா ஏதாச்சும் பண்ணுங்க."

4:20. தேவசகாயத்துக்குப் போன் செய்தேன். அவனுக்குத்தான் கிள்ளை பக்கம்.

"தேவா, கிள்ளைப் பக்கம் ஒரு ஆளு தண்ணில மாட்டிகிட்டான். யாரையாச்சும் அனுப்பு. பேரு செம்பியனாம்."

மூச்சு மட்டும் கேட்டது.

"மச்சான்... அந்த செட்ட அணைச்சிடு."

வைத்துவிட்டான்.

எந்த செட் என்று அவன் கேட்கவில்லை. ரேடியோவில் கேட்டேன் என்றே நான் சொல்லவில்லை.

4:27. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கம் எல்லாரையும் நேத்தே முகாமுக்குக் கொண்டாந்துட்டாங்க சார். மோட்டார் கொட்டாயா? அங்க இருந்த எறா பண்ணைய மூடிப் பல வருசம் ஆவுதே. இருந்தாலும் ஆளு அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

4:41.

"கண்ட்ரோல்... தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சி... படகு கெளம்பிடுச்சா சார்? ஓவர்."

அவன் குரலுக்குப் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடலூரில் வெயில்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைக்க ஆரம்பித்தது.

நாலு செட்டில் மூன்று செட் ஊமையாக இருந்தது. இது ஒன்றுதான் பேசியது.

காவல்காரன் கையில் பிடிக்கும் செட் பத்து கிலோமீட்டர் போனாலே அதிகம். கிள்ளை நாற்பதுக்கு மேல்.

செட்டில் ஒரு முள் உண்டு. குரல் வரும்போது ஏறும். பேச்சு நின்றால் இறங்கும். அவன் பேசும்போது முள் அசையவில்லை. பூஜ்யத்தில் படுத்திருந்தது.

கம்பெனிக் கிரிஸ்டல் ஹோமியோபதி டப்பாவுக்குள் இருந்தது. திறந்து பார்த்தேன். இருந்தது. இரண்டும்.

5:05.

"கண்ட்ரோல்... நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சி... கரை இன்னும் கண்ணுக்குத் தெரியுது சார்... நடந்து போயிடட்டுமா? இல்ல படகு வருதா? சொல்லுங்க சார்... ஓவர்."

மைக்கைப் பிடுங்கி எடுத்தேன்.

"நட! உடனே நட! படகு இல்ல! கரைக்குப் போ!"

பக்கத்திலிருந்த மூன்று செட்டிலும் என் குரல் எதிரொலித்தது. செட் சரியாகத்தான் பேசுகிறது.

கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தம்.

"ரோஜர்னு சொன்னீங்களே சார்..."

"தப்பா சொல்லிட்டேன் தம்பி! நடந்து போ!"

"ரோஜர்னு சொன்னீங்களே..."

ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன்.

"ரோஜர்னு சொன்னீங்களே..."

ஒரு துளி சத்தம் குறையவில்லை.

கிரிஸ்டலைப் பிடுங்கினேன். எங்கள் கிரிஸ்டல். இப்போது செட்டில் எந்தக் கிரிஸ்டலும் இல்லை. காது இல்லாத செட்.

"சார்... இருக்கீங்களா சார்..."

சௌந்தரம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

5:23. வெறும் தண்ணீர். களக்... களக்... என்று எதிலோ மோதும் சத்தம்.

பிறகு மைக் பொத்தானை அழுத்தி விடும் சத்தம்.

டக்.

டக்.

டக்.

5:31.

குரல் வந்தது. மழை இல்லை. தண்ணீர் இல்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோல.

"சார்... உங்க பேரு என்னா?"

சொல்லியிருக்கக் கூடாது.

"தங்கராசு," என்றேன்.

"இல்லியே..."

...

"தேவசகாயம் சாருதானே பேசுவாரு..."

செட்டின் விளக்கு தானாக அணைந்தது.

அன்று இரவு ஏழரை மணிக்குத் தேவசகாயம் ரேடியோவில் வரவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவை. காய்ச்சலில் வந்திருக்கிறான். அவன் அப்பா இறந்த அன்றுகூட வந்து, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

புயல் மழை ஓய்ந்து, பஸ் ஓடத் தொடங்கி, டிசம்பர் 5-ஆம் தேதி நான் சிதம்பரம் போனேன். செட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கொண்டுவந்த மாதிரியே.

அவன் மனைவி ராசம்மாள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். "அண்ணே, அத உள்ள கொண்டாராதீங்க," என்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தேவசகாயம் வெளியே வந்தான். வாசலிலேயே நின்று பேசினோம். செட் எங்கள் இருவருக்கும் நடுவில், ஈர மண்ணில் இருந்தது.

"லாரி ஆபீஸா?"

"இல்ல மச்சான். எறா பண்ணை. நான் அங்க கண்ட்ரோல் ரூம்ல இருந்தேன், உன்கிட்ட சொன்னதில்ல. ரெண்டாயிரத்தஞ்சு மழையில."

"அன்னைக்கு அவன் கூப்புட்டானா?"

"நாலு பன்னெண்டுக்கு."

"என்னா சொன்ன?"

தேவசகாயம் தரையைப் பார்த்தான்.

"படகு கேக்கறான்னு மொதலாளிகிட்ட போயி நின்னேன். ரெண்டு படகும் மோட்டார ஏத்தப் போயிருக்கு, பொறு பாக்கலாம்னாரு. அவன்கிட்ட வந்து ரோஜர்னு சொன்னேன். கேட்டுதுங்கற அர்த்தத்துலதான் மச்சான் சொன்னேன்! அவன் படகு வருதுன்னு நெனச்சிகிட்டான்."

"நெனச்சிகிட்டான்னு உனக்குத் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"சொல்லலியா?"

"சொன்னா பயந்துடுவான்னு... மொதலாளி எப்படியும் அனுப்பிடுவாருன்னு... நெஞ்சு வரைக்கும் தண்ணி, நடக்கட்டுமான்னு கேட்டான். என்னால தாங்க முடியல. செட்ட அணைச்சிட்டு வூட்டுக்கு வந்துட்டேன்."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது போனதும் தேவசகாயம் செட்டைக் காட்டினான்.

"பண்ணைய மூடினப்ப இத எடைக்குப் போட இருந்தாங்க. வேற யாரு கைக்காவது போயிடுமோன்னு எடுத்துகிட்டேன். அடை மழை புடிச்சா கூப்புடுவான். அதே நேரம். அதே பேச்சு. அலைவரிசைய மாத்திட்டா அவனுக்கு நம்ம எடம் தெரியாதுன்னு நெனச்சேன்."

"மாத்திப் பாத்தியா?"

"மூணு தரம்."

மெழுகு உடைந்த காயில்கள். நான்தான் கண்ணால் பார்த்தேனே.

"மூணு தரமும் வந்திருப்பான். வந்தான்னு தெரிஞ்சிதான் எனக்குக் குடுத்த."

"பத்தொம்போது வருசம் கேட்டேன் மச்சான். எனக்கு நெஞ்சுல அடைப்பு. நீ எதுக்கும் பயப்பட மாட்ட... முதலை கதையெல்லாம் சொல்லுவ..."

என் முதலைக் கதையை நம்பிய ஒரே மனிதன் அவன்தான் என்று அன்றுதான் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"இங்க இப்ப வர்றானா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான்." அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்கிட்ட குடுத்ததுலேர்ந்து தூங்குறேன்."

நான் செட்டைத் தூக்கிக்கொண்டேன். ஏன் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. அவன் வாசலில் விட்டுவிட்டு வரத்தான் போனேன்.

"அவன் குடும்பம் எங்க?"

"புவனகிரி. தங்கச்சி ஒண்ணு இருக்குது. பேரு சிந்துஜா. ஸ்கூல்ல டீச்சரு. நான் சாவுக்குப் போவல. இன்னைவரைக்கும் அந்தத் தெருப்பக்கம் போனதில்ல."

நான் போனேன். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் கையில் உண்மை கிடைப்பது அபூர்வம். கிடைத்ததைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சிந்துஜாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. வீட்டில்தான் இருந்தாள். உட்காரச் சொன்னாள். சுவரில் செம்பியன் படம். அரும்பு மீசை. மாலை போட்டிருந்தது. நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். ரேடியோ விஷயத்தைச் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் அன்று மாலை நாலு மணிக்கு ஆபீஸுக்குப் பேசினான், படகு கேட்டான், அங்கே இருந்தவர்கள் அனுப்பவில்லை... என்று ஆரம்பித்தேன்.

அவள் குறுக்கிட்டாள்.

"எத்தன மணிக்கு சார்?"

"நாலு பன்னெண்டு."

"இல்லிங்க சார். உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க."

"ஏம்மா?"

"அண்ணன் காலைலயே போயிட்டாரு. ஒம்போதரை மணிக்கு மதகு ஒடைஞ்சப்பவே இழுத்துட்டுப் போயிடுச்சி. பத்து மணிக்கெல்லாம் மீன் புடிக்கிறவங்க தூக்கிட்டாங்க. ஆபீஸுக்குச் சொல்ல வழியில்ல, போனெல்லாம் செத்துக் கெடந்துச்சி. டிராக்டர்ல போட்டு மூணு மணிக்கு இந்த வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு மணிக்கு மேலதான் சார் குளிப்பாட்ட ஆரம்பிச்சோம்," என்றாள். "இதோ, இந்த எடத்துலதான். ஒடம்பு பூரா சேறு. போவவே மாட்டேங்குது. கொடம் கொடமா ஊத்துனோம். காலு... இடுப்பு... நெஞ்சு... அஞ்சரை ஆயிடுச்சி முடிக்க."

அவள் கொடுத்த தண்ணீரை நான் குடிக்கவில்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. செட் என் மேஜையில்தான் இருக்கிறது. கிரிஸ்டல் இல்லை. ஆன்டெனா இல்லை. இந்த மழைக்காலத்தில் மூன்று முறை வந்துவிட்டான். நான் மைக்கைத் தொடுவதில்லை. சௌந்தரம் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்விடுகிறாள்.

தேவசகாயம் ஒவ்வொரு மழைக்கும் போன் செய்கிறான்.

"வந்தானா மச்சான்?"

"வந்தான்."

"என்னா கேட்டான்?"

"நடந்து போயிடட்டுமான்னு கேட்டான்."

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்கும். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று தேவசகாயம் ரோஜர் என்று சொன்னபோது செம்பியன் செத்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரும் அவன் பேச்சை நம்பி நிற்கவில்லை. யாரும் அவனால் சாகவில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். தேவசகாயம் மிச்ச நாளை நிம்மதியாகக் கழிப்பான்.

பத்தொன்பது வருடம் அவன் என்னிடம் மறைத்தான்.

நான் மறைக்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது.